விரல் மரத்துப் போச்சு சார்



போன மாதம் முழுக்க ஞாயிறு பதிவு வரவில்லையே, சாருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. பேத்திக்குத்தான் கை முறிந்துவிட்டது. ஏழு வயசு. மாடிப்படியின் கைப்பிடிச் சுவரில் சறுக்கி விளையாடியவள் கையை ஊன்றி விழுந்தாள். முன்கையில் இரண்டு எலும்பும் போய்விட்டன. இப்போது நன்றாக இருக்கிறாள். கட்டோடு ஓடிக்கொண்டிருக்கிறாள். அதனால் யாரும் பதற வேண்டாம், போன் போட்டு அவள் பாட்டியையும் பதற வைக்க வேண்டாம்.

இன்றைய பதிவு அவளைப் பற்றியது அல்ல. ஆனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்த இளம் டாக்டரம்மா பேத்தியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “பாப்பா, நாம ஒரு விளையாட்டு விளையாடலாமா?” என்றார். கல், காகிதம், கத்தரி. அழுதுகொண்டே விரல்களை மடக்கிக் கல் காட்டினாள். விரித்துக் காகிதம் காட்டினாள். இரண்டு விரலை நீட்டிப் பிரித்துக் கத்தரி காட்டினாள். கடைசியாக, கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போட்டு ‘ஓகே’ காட்டச் சொன்னார். அதையும் காட்டினாள். டாக்டர் முகத்தில் அப்போதுதான் ஒரு நிம்மதி தெரிந்தது. “நரம்பு எல்லாம் வேலை செய்யுது சார். இனி எலும்பைப் பார்க்கலாம்” என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் எல்லோரும் பேத்தியின் வலியைப் பார்த்து என்று நினைத்தார்கள். அது இல்லை. 1984-இல் எனக்கு இந்த விளையாட்டு தெரிந்திருந்தால் என்ற எண்ணம்தான்.

அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். வரலாற்று வாத்தியார் நேராக விஷயத்துக்கு வரமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் இதைப் பற்றியே படித்தேன். அந்த நான்கு கை அடையாளங்களுக்குப் பின்னால் மனிதர்கள் பட்ட பாடும், செய்த தவறும், கொஞ்சம் நேர்மையும் இருக்கின்றன. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் உடற்கூறு. அறிவியல் ஆசிரியர்கள் யாராவது படித்தால் பிழை இருப்பின் திருத்துங்கள். நம் முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள். அவற்றை ஒட்டி மூன்று பெரிய நரம்புகள் இறங்குகின்றன. மீடியன், அல்நார், ரேடியல். விரல்களை மடக்கிக் கல் காட்ட மீடியன் வேண்டும். விரித்துக் காகிதம் காட்ட ரேடியல் வேண்டும். விரல்களைப் பக்கவாட்டில் பிரித்துக் கத்தரி காட்ட அல்நார் வேண்டும். ‘ஓகே’ வட்டம் மீடியன் நரம்பின் ஓர் ஆழமான கிளைக்கான சோதனை. அந்தக் கிளை மட்டும் அடிபட்டால் தோலில் மரத்துப் போவது கூட இருக்காது. வட்டம் மட்டும் சரியாக வராது, நுனிகள் சேராமல் விரல்கள் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். கைலோ, நெவின் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1952-இல் இதைத் தனியாக விவரித்து எழுதினார்கள்.

குழந்தையின் எலும்பு நம் எலும்பு மாதிரி இல்லை. நம்முடையது காய்ந்த சுள்ளி, பட்டென்று ஒடியும். குழந்தையுடையது பச்சைக் கொம்பு. பாதி ஒடிந்து பாதி வளைந்து நிற்கும். எலும்பைச் சுற்றியுள்ள உறையும் தடிப்பானது. அதனால் சீக்கிரம் கூடிவிடும். ஆனால் அந்த எலும்பு வளையும்போதும் ஒடியும்போதும் பக்கத்தில் ஓடும் நரம்பு இழுபடலாம், நசுங்கலாம், அபூர்வமாக ஒடிந்த இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளவும் செய்யலாம். எலும்பு முறிவு கண்ணுக்குத் தெரியும். நரம்புக் காயம் குழந்தை விரலை அசைத்துக் காட்டினால்தான் தெரியும். வலியில் இருக்கிற குழந்தையோ விரலை அசைக்காது. அதனால்தான் அந்த விளையாட்டு.

எக்ஸ்ரே வந்தது 1895-இல். அதற்கு முன் வைத்தியர் கையால் தடவிப் பார்த்துத்தான் முறிவைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் இத்தாலியின் மிலான் நகரில் ஜோவான்னி பத்திஸ்தா மொன்தேஜ்ஜா என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். ஒரு பெண்ணுக்கு அல்னா எலும்பின் மேல்பகுதி முறிந்திருப்பதாகத் தடவிப் பார்த்து முடிவு செய்து கட்டுப் போட்டார். ஒரு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்துக் கையை நீட்டினால், முழங்கைக்குப் பக்கத்தில் ரேடியஸ் எலும்பின் தலை இடம் விட்டு விலகி நிற்கிறது. மறுபடி அமுக்கிக் கட்டினார். நிற்கவில்லை. 1814-இல் தன் அறுவை மருத்துவ நூலில் இந்தச் சம்பவத்தை அவர் மறைக்காமல் எழுதினார். வருத்தத்தோடு நினைவுகூர்வதாகவே தொடங்குகிறார்.

பிள்ளைகளே, இன்று உலகம் முழுவதும் அந்த வகை முறிவுக்கு மொன்தேஜ்ஜா முறிவு என்றுதான் பெயர். தன் கெட்டிக்காரத்தனத்தை எழுதியதற்காகக் கிடைத்த பெயர் அல்ல. தனக்கு எங்கே பிசகியது என்று எழுதியதற்காக நிலைத்த பெயர். அந்த ரேடியஸ் தலையைச் சுற்றித்தான் ரேடியல் நரம்பின் ஆழ்ந்த கிளை வளைந்து போகிறது. தலை விலகும்போது நரம்பும் இழுபடும். குழந்தையால் மணிக்கட்டைத் தூக்க முடியும், விரல்களையும் கட்டைவிரலையும் நீட்ட முடியாது. காகிதம் வராது. எலும்பை நேரத்தில் இடம் சேர்த்தால் பெரும்பாலும் அந்த நரம்பு தானாகவே மீண்டுவிடும் என்பது நல்ல செய்தி.

இனி கட்டுக்கு வருவோம். முறிந்த எலும்பை அசையாமல் வைக்க வேண்டும் என்பது மனிதனுக்குப் பழைய அறிவு. எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்பதும் பழைய கேள்வி. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் உள்ள முறிவு நூல், கட்டிய மறுநாள் கையின் நுனியில் வீக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. சில நாளுக்கு ஒருமுறை பிரித்துக் கட்டச் சொல்கிறது. நம் நாட்டின் சுசுருத சம்ஹிதை இன்னும் தெளிவு. தளர்வாகக் கட்டினால் மூட்டு உறுதிப்படாது, இறுக்கிக் கட்டினால் வீக்கமும் வலியும் சீழும் வரும், நடுத்தரமாகக் கட்டு என்கிறது. மூங்கில் பத்தையும் மரப்பட்டையும் அதில் உண்டு. ஆக, இறுகக் கட்டாதே என்பது வெள்ளைக்காரன் வந்து சொல்லித் தெரிந்ததல்ல. நம் ஏட்டிலேயே இருந்தது. ஏட்டில் இருந்தது எல்லாம் கைக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

1850-களில் ஒரு பெரிய மாற்றம். டச்சு ராணுவ மருத்துவர் அன்டோனியஸ் மதைசன், துணிச்சுருளில் ஜிப்சம் மாவைத் தேய்த்து, தண்ணீரில் நனைத்துச் சுற்றினால் சில நிமிடத்தில் கல்லாகும் கட்டைக் கண்டுபிடித்து 1852-இல் வெளியிட்டார். நாம் மாவுக்கட்டு என்கிறோமே, அதுதான். அதே காலத்தில் ரஷ்ய மருத்துவர் பிரகோவ், சிற்பி ஒருவர் மாவில் தோய்த்த துணியைப் பயன்படுத்துவதைப் பார்த்துவிட்டுக் கிரிமியப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு அதைப் போட்டார். எத்தனையோ கை கால்கள் வெட்டப்படாமல் தப்பின.

ஆனால் மாவுக்கட்டுக்கு ஒரு குணம். அது விட்டுக்கொடுக்காது. உள்ளே கை வீங்கினாலும் கட்டு விரியாது.

இங்கேதான் ஜெர்மனியின் ஹாலே நகரத்து மருத்துவர் ரிச்சர்ட் ஃபோல்க்மான் வருகிறார். 1830-இல் பிறந்தவர். அப்பா உடலியங்கியல் பேராசிரியர். ஆள் பெரிய மருத்துவர் மட்டுமல்ல, எழுத்தாளரும் கூட. 1870-71 பிரெஞ்சுப் போரில் ராணுவ மருத்துவராகப் போனவர், பாரிஸ் முற்றுகைக் காலத்து இரவுகளில் குளிர்காயும் அடுப்போரம் உட்கார்ந்து தேவதைக் கதைகள் எழுதினார். அவற்றை லியாண்டர் என்ற புனைபெயரில் 1871-இல் வெளியிட்டார். ஜெர்மன் குழந்தைகள் பல தலைமுறை படித்த புத்தகம் அது. போரிலிருந்து திரும்பியபோது அவருடைய மருத்துவமனையில் புண் சீழ்ப்பிடித்துச் சாகிறவர்கள் அவ்வளவு பேர். இழுத்து மூடிவிடலாமா என்று கூட யோசித்தார். பிறகு லிஸ்டரின் கிருமிநீக்க முறையைக் கைக்கொண்டு, ஜெர்மனியில் அதற்கு முதன்மையான வழக்கறிஞராகவே ஆனார்.

அந்த மனிதர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கை முறிந்து இறுக்கமாகக் கட்டுப் போடப்பட்டவர்கள் சிலருக்குக் கட்டைப் பிரிக்கும்போது விரல்கள் உள்ளங்கையை நோக்கி வளைந்து பருந்தின் நகம் மாதிரி இறுகிப்போயிருந்தன. இழுத்தாலும் நிமிர்வதில்லை. அதுவரை பலர் இதை நரம்பு நசுங்கிய வாதம் என்று நினைத்தார்கள். ஃபோல்க்மான் 1881-இல் எழுதிய சிறு கட்டுரையில், இது முதலில் நரம்பின் நோய் இல்லை, தசை ரத்தம் இல்லாமல் செத்துப்போனதால் வருவது என்றார். நரம்பு போனால் தசை தொளதொளவென்று தளரும். இதிலோ தசை விறைக்கிறது. இறந்த உடல் விறைப்பதோடு அதை ஒப்பிட்டார். உயிரோடு இருக்கும் குழந்தையின் கைக்குள் தசை மட்டும் இறக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

அந்தக் கட்டுரை பலரைச் சங்கடப்படுத்தியிருக்கும். கட்டியவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள்தானே. தேவதைக் கதை எழுதத் தெரிந்தவருக்கு, மருத்துவன் கையாலேயே குழந்தை ஊனமாகிறது என்று எழுதவும் துணிவு இருந்தது. இன்றும் அந்த நிலைக்கு ஃபோல்க்மான் பெயர்தான்.

அவருக்குப் பின் வந்தவர்கள் அதை இன்னும் விரித்தார்கள். கட்டே போடாத கைக்கும் இது வருகிறதே, எப்படி? முன்கைத் தசைகள் விரியாத உறைக்குள் அறை அறையாக அடைபட்டிருக்கின்றன. தலையணை உறைக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டே போனால் கல் மாதிரி ஆகிவிடுகிறதல்லவா? முறிவால் உள்ளே ரத்தம் கசிந்து வீங்க வீங்க, அறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் சின்ன ரத்தக்குழாய்கள் நசுங்கித் தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் போவது நிற்கிறது. மேலே இறுக்கமான கட்டு இருந்தால் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவில் ஜான் மர்ஃபி என்ற மருத்துவர் 1914-இல், அந்த உறையைக் கீறிவிட்டு அழுத்தத்தை இறக்கினால் கையைக் காப்பாற்றலாம் என்று எழுதினார். 1926-இல் ஜெப்சன் என்பவர் விலங்குச் சோதனையில் அதைக் காட்டினார். நேரம்தான் முக்கியம். ரத்தம் நின்று ஆறு மணி நேரம் போனால் தசையில் மீளாத சேதம் தொடங்கிவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் காலையில் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது.

நரம்பின் கதை தனியாக ஓடியது. லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1850-இல் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டிப் பார்த்தார். வெட்டிய இடத்துக்கு அப்பால் உள்ள நரம்பு இழை முழுக்கச் சிதைந்துபோவதைக் கண்டார். மீண்டும் வளர்ந்தால் மேலிருந்துதான் வளர வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று. ஹென்றி ஹெட் என்ற ஆங்கில நரம்பியல் மருத்துவருக்கு ஒரு பிரச்சினை. நரம்பு அடிபட்டவர்களிடம் “இங்கே தொட்டால் எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் துல்லியமாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? 1903 ஏப்ரலில் தன் இடது முன்கையின் தோல் உணர்வு நரம்பையே வெட்டித் தைக்கச் செய்தார்! பிறகு வார இறுதிகளில் கேம்பிரிட்ஜுக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். நண்பர் ரிவர்ஸ் பஞ்சாலும் ஊசியாலும் சூட்டாலும் குளிராலும் அந்தக் கையைத் தொட்டுத் தொட்டுக் குறித்துக்கொள்வார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது. முதலில் வலியும் கடும் சூடு குளிரும் திரும்பின. மெல்லிய தொடுகை ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது. அவர்கள் அதற்குச் சொன்ன விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் தன் கையையே ஏடாக்கிய அந்தத் துணிவை யார் மறுப்பது?

அந்த ரிவர்ஸ் யார் தெரியுமா? நம் நீலகிரிக்கு வந்து 1901-02-இல் தோடர்களோடு பழகி, 1906-இல் ‘தோடர்கள்’ என்ற பெரிய நூலை எழுதினாரே, அதே ரிவர்ஸ்தான். ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது பேருந்தில் தோடர்களைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேச, நீங்கள் எல்லாம் தூங்கினீர்களே, அப்போது சொன்ன அதே பெயர்.

போர்கள் நரம்பைப் பற்றி நிறையக் கற்றுக்கொடுத்தன என்பது கசப்பான உண்மை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டு பாய்ந்த வீரர்களைப் பார்த்து வியர் மிச்செல் 1864-இல் நூல் எழுதினார். முதல் உலகப் போர்க் காலத்தில், 1915-இல், பிரான்சில் தினெல், எதிரணியில் ஜெர்மனியின் ஹோஃப்மான், இருவரும் தனித்தனியே ஒன்றையே கண்டுபிடித்தார்கள். வளர்ந்து வரும் நரம்பின் நுனியைத் தோலின் மேலிருந்து தட்டினால் விரலில் ஜிவ்வென்று ஏறும். அந்த இடம் மாதாமாதம் கீழே இறங்கினால் நரம்பு வளர்கிறது என்று பொருள். இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு மருத்துவர்களும் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆக்ஸ்ஃபோர்டில் ஹெர்பர்ட் செடன் 1943-இல் நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார். வயரை வைத்துச் சொன்னால் உங்களுக்குப் புரியும். ஒன்று, வயர் அறுபடவில்லை, கரண்ட் மட்டும் போகவில்லை. நாள்களிலோ வாரங்களிலோ தானாக வரும். இரண்டு, உள்ளே செம்புக் கம்பி அறுந்துவிட்டது, மேலுறை சரியாக இருக்கிறது. கம்பி அந்த உறைக்குள்ளேயே மறுபடி வளரும், நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். முழங்கைக்குக் கீழே அடிபட்டு 15 சென்டிமீட்டர் போக வேண்டுமென்றால் ஐந்து மாதம். மூன்று, வயரே முழுசாக அறுந்துவிட்டது. தைக்காமல் சேராது. மூன்றுக்கும் வாயில் நுழையாத கிரேக்கப் பெயர்கள் வைத்தார், அவை இன்றும் புழக்கத்தில் உள்ளன.

குழந்தைகளின் மூடிய எலும்பு முறிவில் வருவது பெரும்பாலும் முதல் இரண்டு வகைதான். அதனால் மருத்துவர் பொறுத்திருந்து பார்ப்போம் என்றால் அலட்சியம் என்று எண்ணக்கூடாது. ஆனால் அவர் ‘பார்த்துக்கொண்டு’ இருக்க வேண்டும். மாதாமாதம் விரலைச் சோதிக்க வேண்டும். சில மாதங்களில் அசைவே வரவில்லை என்றால் திறந்து பார்ப்பது பற்றி முடிவெடுக்க வேண்டும்.

சரி. இனி தள்ளிப்போட முடியாது.

1984. நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள்தான். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். யார் என்று சொல்லமாட்டேன், உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், பின்னூட்டத்தில் பெயரை எழுத வேண்டாம். கொடுக்காப்புளி பறிக்க மதில் மேல் ஏறி விழுந்து வலது முன்கை முறிந்தது. வீட்டில் பக்கத்து ஊர் வைத்தியரிடம் கூட்டிப்போய்க் கட்டிக்கொண்டு வந்தார்கள். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, துணி. மறுநாள் காலாண்டுத் தேர்வு. எழுத முடியாவிட்டாலும் வந்து உட்கார்ந்தால் போதும் என்று வரச் சொன்னவன் நான்.

வந்தான். முகம் வெளுத்திருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நெளிந்தான். விரல்கள் வீங்கி, பளபளவென்று இருந்தன. “விரல் மரத்துப் போச்சு சார். கட்டை அவுக்கச் சொல்லுங்க சார், அம்மா கேக்க மாட்டேங்குறாங்க” என்றான்.

நான் என்ன சொன்னேன் என்பது நாற்பது ஆண்டாகியும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. “கட்டுன்னா இறுக்கமாத்தான்டா இருக்கும். அப்பத்தான் எலும்பு கூடும். ஆம்பளப் பையன் இப்படி அழலாமா? பொறுத்துக்கோ.”

அவன் அம்மாவுக்குப் படிப்பு கிடையாது. சாயங்காலம் என்னைத் தேடி வந்து, “அவுத்துரலாமா சார்?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டார்.

மூன்றாம் நாள் வலி குறைந்துவிட்டது என்றான். பார்த்தாயா, பொறுத்தால் சரியாகும் என்றேன். வலி குறைந்தது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. நரம்பும் செத்துப்போனால் வலி எங்கிருந்து வரும்?

கட்டைப் பிரித்தபோது எலும்பு அழகாகக் கூடியிருந்தது. கை போய்விட்டது. ஃபோல்க்மான் எழுதியது எழுதியபடி. மணிக்கட்டு மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு. ஃபோல்க்மான் எழுதி 103 ஆண்டுகள் ஆகியிருந்தன. சுசுருதர் எழுதி எத்தனை நூற்றாண்டு ஆயிற்றோ. நான் வரலாறு கற்பிக்கிற வாத்தியார்.

கட்டிய வைத்தியரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எத்தனையோ குழந்தைகளுக்கு இந்த நிலை மருத்துவமனை மாவுக்கட்டிலும் வந்திருக்கிறது. கட்டியவர் தவறு ஒன்று. ஆனால் குழந்தை வாய் திறந்து சொன்னது என்னிடம். கேட்காதவன் நான்.

அவன் இடது கையால் எழுதப் பழகினான். ஒன்பதாம் வகுப்பில் என் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கினான். பிற்பாடு ஒரு பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து விரல்கள் ஓரளவு திறந்தன. இப்படிப்பட்ட கைகளுக்குத் தசைநாணை இடம் மாற்றித் தைத்து வேலை செய்ய வைக்கும் கலையில் நம் மண்ணுக்குப் பெரிய பங்குண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன கைகளை நிமிர்த்திக் காட்டினார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும். எழுதுவேன்.

இந்தப் பதிவை எழுதுமுன் அவனுக்குப் போன் செய்தேன். அவனுக்கும் ஐம்பத்தைந்து நெருங்குகிறது, பேரன் இருக்கிறான். நாற்பது ஆண்டில் முதல்முறையாக மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “நீங்க அப்ப சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல சார்” என்றான். அது பொய். என் மனசு நோகக்கூடாதென்று சொன்ன பொய். “எழுதுங்க சார், பேரு மட்டும் வேணாம். நாலு புள்ளைங்களுக்கு உதவும்ல” என்றான்.

அந்த நாலு பிள்ளைகளுக்காக, தேர்வுக்கு முந்தின நாள் கரும்பலகையில் எழுதிப் போடுவது போலச் சிலவற்றை எழுதிப் போடுகிறேன். நான் மருத்துவன் இல்லை. இது மருத்துவருக்குப் பதில் அல்ல, மருத்துவரிடம் ஓட வைப்பதற்கு.

ஒன்று. குழந்தைக்குக் கை முறிந்தால் கட்டுப் போடுவதற்கு முன்பும் பின்பும் கல், காகிதம், கத்தரி, ஓகே நான்கும் காட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று வரவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு. கட்டுப் போட்ட பிறகு வலி குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால், வலி மருந்து கொடுத்தும் அடங்காவிட்டால், குழந்தை காரணமில்லாமல் பதறி அலைக்கழிந்தால் அது அடம் இல்லை. விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தும்போது வீறிட்டு அழுதால் ஆபத்துக்கு மிக அருகில் இருக்கிறீர்கள். விரல் மரத்தல், வெளுத்தல், குளிர்தல் எல்லாம் அதற்கும் பிந்திய அறிகுறிகள். நாடி துடிக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். நாடி இருக்கும்போதே உள்ளே தசை சாகலாம்.

மூன்று. அப்படியானால் இரவு இரண்டு மணி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டை உள்துணி வரை வெட்டிப் பிளந்து பார்ப்பார்கள். எலும்பு விலகினால் மறுபடி சேர்க்கலாம். செத்த தசையைச் சேர்க்க முடியாது.

நான்கு. எண்ணெய் போட்டு நீவி விடுவது, மேலே இன்னொரு கட்டுக் கட்டுவது வேண்டவே வேண்டாம்.

என் மாணவர்களில் எத்தனையோ பேர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் வகுப்பில் கட்டோடு ஒரு பிள்ளை வந்து வலிக்கிறது என்றால் ‘பொறுத்துக்கோ’ என்று சொல்லாதீர்கள். விரலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.

பேத்திக்கு அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள். அதுவரை தினமும் காலையில் காப்பியோடு நானும் அவளும் கல், காகிதம், கத்தரி ஆடுகிறோம். தாத்தா இப்படித் தோற்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு. அடுத்த ஞாயிறு கொல்லிமலைக்காரர் பால் பிராண்ட் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்